நூல் அறுந்த சுவடி



கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் அமைந்த ஜாதவ்பூர், கணிப்பொறிக்குப் புதிய ஊர் அன்று. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் கூடி, 1966-ஆம் ஆண்டிலேயே ‘இசிஜு-1’ என்னும் டிரான்சிஸ்டர்க் கணிப்பொறியை இயக்கிக் காட்டின. அதே பல்கலைக்கழகத்தினர், பேராசிரியர் சுகாந்த சௌதுரி ஒருங்கிணைக்க, இரவீந்திரநாத தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் படிகளையும் திரட்டி, ‘பிசித்ரா’ என்னும் மின்னணுக் களஞ்சியத்தை 2013-இல் வெளியிட்டனர். அதில் அடங்கிய பக்கங்கள் ஏறத்தாழ 1,40,000.

இத்தகைய செல்வங்களெல்லாம் இன்று சர்வர் எனப்படும் பெருங்கணிப்பொறிகளின் தட்டுகளில் உறைகின்றன. அத்தட்டில் உள்ள கோப்பமைப்பு ஒருநாள் சிதைந்துபோனால் செய்யத்தக்கது யாது? அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

கோப்பமைப்பு என்பதனை விளங்கிக்கொள்ள நம் ஏட்டுச்சுவடியே போதும். ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, ஓரத்தில் எண்ணும் இட்டு வைப்பது முன்னோர் வழக்கம். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால், எழுத்து அழிவதில்லை, வரிசையே அழிகிறது. முறை பிறழ்ந்தும் இடையிடையே ஏடு குறைந்தும் கிடந்த சுவடிகளை ஒப்புநோக்கியே உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

கணிப்பொறித் தட்டும் அவ்வாறே. அது பெரும்பாலும் 4,096 பைட்டு அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது என்பதை ‘ஐநோடு’ என்னும் குறிப்பு காட்டும். அமைப்பு முழுவதன் அளவையும் நிலையையும் ‘சூப்பர் பிளாக்’ என்னும் தலைமைக் குறிப்பு கூறும். இக்குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படும் நிலையே சிதைவு எனப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கம் பழுதின்றி இருந்தும், அதற்குச் செல்லும் வழி மறைந்துவிடுகிறது.

சிதைவுக்குக் காரணங்கள் பல. வங்காளத்தில் சித்திரை, வைகாசி மாலைகளில் ‘கால்பைசாகி’ என்னும் சூறைக்காற்று திடீரென எழும், மின்சாரம் நின்றுவிடும். ஒரு கோப்பை எழுதுவதோ பல படிகளில் நிகழ்வது. பாதியில் மின்சாரம் நின்றால், சில குறிப்புகள் மாறியும் சில மாறாமலும் போகும். இதனைத் தடுக்கவே, செய்யப்போவதை முன்னரே குறித்துக்கொள்ளும் நாட்குறிப்பு முறை வந்தது. 2001-இல் லினக்ஸில் இடம்பெற்ற ‘எக்ஸ்ட்-3’ அத்தகையது. ஆயினும் தட்டே தேய்ந்தாலும், நினைவகச் சில்லு பிழைபட்டாலும், அந்நாட்குறிப்பு மட்டும் நம்மைக் காவாது.

இனிச் செப்பனிடும் முறையைக் காண்போம். முதற்கடமை, எழுதுவதை நிறுத்துதல். அக்கோப்பமைப்பை உடனே பயன்பாட்டினின்று விலக்க வேண்டும். இரண்டாவது, வன்பொருளைச் சோதித்தல். செயலிழந்துவரும் தட்டின்மீது செப்பனிட முயல்வது, இடிந்துவரும் சுவரில் ஆணி அடிப்பதை ஒக்கும். மூன்றாவது, தட்டு முழுவதையும் வேறொரு தட்டிற்குப் படியெடுத்தல். ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் நிரல் நல்ல பகுதிகளை முதலிற் படித்துவிட்டு, பழுதுற்ற பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பும். நான்காவதாக, அப்படியின்மீது, எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் பட்டியலிடுமாறு சோதனை நிரலை இயக்க வேண்டும். தலைமைக் குறிப்பே அழிந்திருப்பினும் அஞ்ச வேண்டுவதில்லை. எக்ஸ்ட்-4 அமைப்பில் அதன் மாற்றுப் படிகள் உள்ளன. 4,096 பைட்டுக் கட்டங்களாயின் முதற்படி வழக்கமாக 32,768-ஆம் கட்டத்தில் இருக்கும்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே திருத்தம். கட்டங்களை ஐநோடுகளோடு ஒப்பிட்டு, அடைவுகளைச் சரிபார்த்து, உரிமையாளர் அறியாக் கோப்புகளைத் தனி அடைவொன்றில் அந்நிரல் சேர்க்கும். ஆங்கே அவற்றிற்குப் பெயர் இராது, எண்ணே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து இஃது இன்னது என்று அறிதல் மனிதர் வேலை. பல டெராபைட்டு கொண்ட அமைப்பாயின் பல மணிநேரமும், சிலபோது நாட்களும் ஆகும். நினைவகமும் மிகுதியாக வேண்டும். பொறுமையிழந்து நடுவில் நிறுத்துவது பெருந்தீங்கு.

ஈண்டு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். செப்பனிடும் நிரல் காப்பது அமைப்பின் ஒழுங்கையே. நம் எழுத்தை அன்று. முரண்பட்ட குறிப்பை நீக்கினால் ஒழுங்கு வருமெனின், அது தயங்காது நீக்கிவிடும். அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஆராயாமல் ‘ஆம்’ என்று விடையளித்தவர், பிழையற்ற வெறுங்களஞ்சியத்தைப் பெறவும் கூடும். ஆதலினாற்றான் படியின்மீது செய்க என்றோம்.

காப்புப் படி இருக்கிறதென்று வாளா இருத்தலும் தகாது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், காப்புப் படி எடுக்கும் நிரலிலேயே நேர்ந்த பிழையால் 77 டெராபைட்டு அளவுள்ள 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. ஒரே செய்தியை இரு தட்டுகளில் ஒருங்கே எழுதும் முறையும் காப்பு ஆகாது. பிழையும் இரண்டிலும் ஒருங்கே எழுதப்படும் அன்றோ?

இது பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று எண்ணற்க. தந்தையார் எழுதிய கடிதங்களின் படங்களும், பாட்டியாரின் தாலாட்டுக் குரலும், தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கைகளும் இன்று நம் இல்லத்து ஹார்ட் டிஸ்க் ஒன்றில்தானே உள்ளன? அவற்றிற்கு மறுபதிப்பு இல்லை. இவ்விடத்தில், உறவினரைப் பிரிந்து வாழும் நம் நிலையே நமக்குத் துணையாகிறது. ஒரு படி நம்மிடம், ஒரு படி மதுரையில் உள்ள தமக்கையாரிடம் என்று வைப்போமாக. 2015-இல் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் கொல்கத்தாப் படியைத் தொடாது. 2020-இல் கொல்கத்தாவைத் தாக்கிய ‘ஆம்பன்’ புயல் மதுரைப் படியைத் தொடாது.

சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கி வழிபட்டு, விசயதசமியன்று பிரித்துப் படிப்பது நம் மரபு. அந்நாளில் காப்புப் படியையும் ஒருமுறை திறந்து, ஒரு கடிதத்தையேனும் படித்துப் பார்ப்போம். படிக்க முடிந்த படியே காப்பு.