டிரெய்லரில் துரு: வீட்டிலேயே செய்யக்கூடிய பழுது
உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை



பயிருக்கு வரும் துரு நோயைப் பற்றி இம்மாதிரி முகாம்களில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நான் பேசப்போவது இரும்புக்கு வரும் துருவைப் பற்றி. அதிலும் குறிப்பாக நம்முடைய டிராக்டர் டிரெய்லரைப் பற்றி. டிராக்டரைக் கொட்டகையில் விடுகிறோம். டிரெய்லரோ வேப்பமரத்தடியில் மழையிலும் பனியிலும் நிற்கிறது. எருவும் உரமும் கரும்பும் செங்கலும் சுமப்பது அதுதான். சிறு விவசாயிகள் பெரும்பாலும் பழைய டிரெய்லரைத்தான் வாங்குகிறோம். சில ஊர்களில் அண்ணன் தம்பிகள் இருவர் மூவர் சேர்ந்து வாங்குகிறார்கள். அது ஓட்டையாகிவிட்டால் புதிதாக வாங்குவது எளிதல்ல.

முதலில் ஒரு செய்தி. துருவின்மேல் பெயிண்ட் அடிப்பது, அடிக்காமல் விடுவதைவிடக் கெடுதல். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு பஞ்சு போன்றது. நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. மேலும், இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில் துரு புகுந்தால், அது பருத்து அந்தத் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும். தளத்தகடு அடிச்சட்டத்தின்மேல் உட்காரும் இடங்களை இன்று மாலை வீட்டுக்குப் போனதும் குனிந்து பாருங்கள். தகடு அலை அலையாக எழும்பியிருந்தால் காரணம் இதுதான்.

உரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொட்டாஷ் என்று நாம் வாங்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. கடல் உப்பிலும் இருப்பது அதுவே. அம்மோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் ஈரத்தில் அமிலத்தன்மை காட்டும். கரும்புச் சாறு புளித்தாலும் அமிலம்தான். இவை சந்துகளில் தங்கி, இரவுப் பனியில் கரைந்து, ஓசையில்லாமல் வேலை செய்கின்றன. உரம் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் பாதி நோய் வராது. வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் அங்குள்ளவர்கள் அடிப்பக்கத்தையும் மறவாமல் கழுவ வேண்டும்.

இனி, துரு எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம். ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்குரு டிரைவரும் போதும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று ஒலிக்கும். அரித்த தகடு ‘தொப்’ என்று செத்த ஓசை தரும். அந்த இடத்தில் ஸ்குரு டிரைவரை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. இறங்காமல் பொருக்கு மட்டும் உதிர்ந்தால் காப்பாற்றலாம். பொருக்கும் இல்லாமல் செம்மண் தூள்போலக் கையில் ஒட்டினால் அது மேல்துரு, கவலை வேண்டாம்.

பழைய டிரெய்லர் வாங்கும்போதும் இதையே செய்யுங்கள். ஓர் ஊரில் புது நீலப் பெயிண்டுடன் மணப்பெண் போல நின்ற டிரெய்லர் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தகட்டில் சுத்தியல் பட்டதும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. பின்னால் கோணித்துணிதான் இருந்தது! விற்பவர் தட்டிப் பார்க்க விடவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? தளத்தகடு, பக்கத்தகடு, பின்கதவு ஆகியவற்றை நாமே பார்த்துக்கொள்ளலாம். டிராபார் என்று சொல்லும் இழுவைச் சட்டம், அதன் வளையம், அச்சு, ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், அடிச்சட்டத்தின் நீளச் சேனல்கள் ஆகியவற்றில் ஆழமான துருவோ கீறலோ கண்டால் கை வைக்காதீர்கள். அங்கே பட்டி பூசுவது ஆளைக் கொல்லும் வேலை. பாரம் ஏற்றிய டிரெய்லர் மேட்டில் அறுந்தால் பின்னால் வருபவர் யார் என்று அது பார்க்காது. தேர்ந்த பட்டறையில் கொடுத்து அந்த உறுப்பையே மாற்றுங்கள்.

சுத்தம் செய்வதுதான் முக்கால்வாசி வேலை. இதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். டிப்பர் வகையாக இருந்தால், தூக்கி நிற்கும் பெட்டியின் அடியில் வலுவான முட்டு கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பக் கூடாது. பொருக்கைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்தபின் கம்பி பிரஷ், அதன்பின் உப்புத்தாள். ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினால் ஒருநாள் வேலை ஒரு மணியில் முடியும். ஆனால் அதிலிருந்து கம்பி தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அதைத் தொடாதீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016இல் செய்த விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டிகளுக்கு அடித்த பழைய பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணியுங்கள். கீழே ஒரு தார்ப்பாய் விரித்துத் தூளைச் சேர்த்து எடுங்கள். மாடு ஈயப் பெயிண்டை நக்கும், நக்கினால் சாகும். தொழுவத்தின் பக்கம் இந்த வேலையே வேண்டாம்.

குழிகளில் தங்கும் துருவைக் கம்பி பிரஷ் எடுக்காது. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடையில் கிடைக்கிறது. துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டானிக் அமிலம் உள்ளதும் உண்டு. பூசினால் செந்துரு கறுப்பாகும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கறுக்கும் என்பது சாயக்காரர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த சங்கதிதான். அதற்காகக் கடுக்காயைக் காய்ச்சிப் பூசப் புறப்படாதீர்கள். எவ்வளவு சத்து இறங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சிலர் ஊற்றுகிறார்கள். இரும்பு வெள்ளையாகத் தெரியும், மனம் மகிழும். ஆனால் அதன் குளோரைடு குழிகளில் தங்கி, மறுமழையில் இரட்டிப்பாகத் துரு எழுப்பும். அது வேண்டாம். எதைப் பூசினாலும் கையுறை அவசியம்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு ஒட்டுத்தகடு வைக்க வேண்டும். ஓட்டையின் அளவுக்கு வெட்டாதீர்கள். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். மெலிந்த ஓரத்தில் வெல்டிங் பிடிக்காது, பொத்துக்கொண்டு போகும். ஒட்டுத்தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையிலிருந்துதான் கீறல் தொடங்கும். ஒரே மூச்சில் சுற்றி வெல்டு வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக வைக்கச் சொல்லுங்கள். வெட்டித் துடைத்துத் தயாராக வைத்துவிட்டு வெல்டரை அழைத்தால் அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. டிரெய்லர் டிராக்டரோடு இணைந்திருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். வைக்கோல் ஒரு துரும்புகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

முழுத்தளத்தையும் மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா என்று கேட்பீர்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகட்டின் எடை சுமார் 23.5 கிலோ. 10 அடிக்கு 6 அடி தளமென்றால் ஏறக்குறைய 131 கிலோ. உங்கள் ஊர்க் கிலோ விலையால் பெருக்கிப் பாருங்கள். தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப் போடுவது கந்தலுக்குத் தையல் போடுவது போலத்தான் என்பது என் கருத்து.

சுத்தம் செய்த இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும். ஆகவே ஒருநாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் அன்றைக்குச் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் நிற்கும், பெயிண்ட் உரியும். தின்னர் நனைத்த துணியே சரி. பனி முற்றும் உலர்ந்த பின் காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். கொதிக்கும் வெயிலிலும் அடிக்கக் கூடாது, நிழல் வேண்டும். பிரைமரில் ஜிங்க் பாஸ்பேட் வகை நல்லது. கைக்கு எட்டினால் இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி இன்னும் நல்லது. ஜிங்க் குரோமேட் கலந்தது துருவைத் தடுக்கும், ஆனால் குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வேறு கிடைக்கும்போது அது எதற்கு? கூர் ஓரங்களில் பெயிண்ட் நிற்காது. முதலில் அரத்தால் மழுக்கி, பிரஷால் ஒரு தனிக்கை அடித்த பிறகே முழுப்பரப்பும். பட்டி வைப்பதானால் பிரைமரின்மேல்தான். வெறும் இரும்பின்மேல் வைத்த பட்டி ஈரத்தை இழுக்கும்.

தளத்தின் மேற்பக்கத்துக்குப் பெயிண்டைக் கொட்டாதீர்கள். மண்வெட்டி இரண்டு நடை வழித்தால் போய்விடும். அந்தப் பணத்தை அடிப்பக்கத்திலும் சந்துகளிலும் போடுங்கள். நெல் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கும் மூலைகளில் 12 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, அதன் ஓரத்துக்கும் பிரைமர் தடவுங்கள்.

ஒருவர் காலையில் பழைய என்ஜின் ஆயில் பூசலாமா என்று கேட்டார். அது மண்ணைப் பிடித்து ஈரத்தை அணைத்துக்கொள்ளும், பின்னால் பெயிண்டும் ஒட்டாது; மழையில் கரைந்து வயலுக்கும் போகும். கலப்பைக் கொழுவுக்குச் சுத்தமான கிரீஸ் தடவி வைப்பது வேறு விஷயம்.

பட்டறைக்குப் பின்னால் பழைய டிரெய்லர் ஒன்று நிற்கிறது. இடப்பக்கத் தகடு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு சுத்தியலுடன் வாருங்கள்; தட்டிப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.