மஞ்சளும் சுண்ணாம்பும்

(மேல்சித்தாமூரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விஞ்ஞானம் சொல்லிக் கொடுங்கள் என்று நாம் சொன்னால், அதற்குக் கண்ணாடிக் குடுவைகளும் விலையுயர்ந்த மருந்துகளும் வேண்டுமே என்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதில்லை. அடுப்பங்கரை மஞ்சளும், வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பும், ஓர் எலுமிச்சம்பழமும், வேலியோரத்துச் செம்பருத்தியும் போதும்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சுண்ணாம்பைத் தனியே கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் அதில் சொட்டுச் சொட்டாய் விடுங்கள். மஞ்சள் நீர் சிவந்துவிடும். இதைத்தான் ஆலாத்தி என்று சுற்றிக் கொட்டி, கண்ணேறு கழிந்தது என்கிறோம். அந்தச் சிவப்பு நீரிலேயே எலுமிச்சையைப் பிழியுங்கள், மறுபடியும் மஞ்சளாகும். அப்படியானால் கழிந்த கண்ணேறு திரும்பி வந்துவிட்டதா?

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சாயப்பொருள் புளிப்பில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் இருப்பது. அவ்வளவுதான் சங்கதி. குழம்புக் கறை பட்ட சட்டைக்குச் சவுக்காரம் போட்டால் கறை சிவப்பதும் இதனால்தான். துணி துவைக்கிறவர்கள் தினமும் பார்க்கும் இந்த அற்புதத்திற்கு ஒருவரும் கற்பூரம் கொளுத்துவதில்லை.

சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகும். சுண்ணாம்புத் தெளிவை விட்டால் பச்சையாகும். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி, பூச்சாறு இவ்விதம் நிறம் மாறுவதைச் சோதித்து, நிறங்களைப் பற்றி 1664-ல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கையாண்டது வயலட் பூ. நம்மிடம் இருப்பது சங்குப்பூ.

இனிச் செம்பருத்திக்கு வருவோம். இதழ்களைக் கத்தியில் நன்றாய்த் தேய்த்து உலரவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுத்தால், சாறு சிவந்து வழியும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆனால் இதே வித்தையை மந்திரவாதி செய்யும்போது, “பழத்தில் இரத்தம் வந்துவிட்டது, வீட்டில் செய்வினை இருக்கிறது” என்கிறான். அதோடு நின்றாலும் பாதகமில்லை. செய்வினை வைத்தவள் இவள்தான் என்று ஒரு விதவையையோ மருமகளையோ காட்டிவிட்டுப் போகிறான். கடன் வாங்கிய பணமும் போகிறது. ஒரு பெண்ணின் மானமும் போகிறது. கொலை மறுத்தலைப் பெரிதாகப் போற்றும் சமண மடம் உள்ள இவ்வூரில், எலுமிச்சம்பழத்தைச் சைவத்தில் சேர்ப்பதா புலாலில் சேர்ப்பதா என்று அவனைத்தான் கேட்கவேண்டும்!

அப்படி ஒருவன் வந்தால் சண்டை வேண்டாம். “கத்தி எங்களுடையது, பழம் எங்களுடையது, கையைக் கழுவிவிட்டு அறு” என்று சொல்லுங்கள். கொழும்பில் இருந்த ஆபிரகாம் கோவூர் 1963-ல் இதையேதான் பெரிய அளவில் செய்தார். மோசடிக்கு இடமில்லாதபடி ஓர் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றார். 1978-ல் அவர் இறக்கும் வரையில் அதை ஒருவரும் பெறவில்லை. கோயமுத்தூரையடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் காலமான பிரேமானந்த், சாமியார்களின் வித்தைகளை ஊர் ஊராய்ச் செய்து காட்டி, சூட்சுமத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமையென்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தாகிவிட்டது. சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்க, “ஏன்” என்று கேட்கும் பிள்ளையை “வாயை மூடு” என்று அதட்டினால் என்ன பிரயோஜனம்? பெண் குழந்தையானால் இரட்டை அதட்டல். மஞ்சளை அரைக்க மட்டும் அவள் வேண்டும், அது ஏன் சிவக்கிறதென்று கேட்க வேண்டாமா?

ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே கெடும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஆகையால் தெளிவைப் பெரியவர்களே ஊற்றவேண்டும். நிறம் மாறிய நீரைக் குடிக்கக் கூடாது. நெருப்பு வித்தைகளைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது.

கிண்ணங்கள் மேஜைமேல் இருக்கின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் இருவர் இருவராய் வரட்டும். பெண் குழந்தைகள் முதலில் வரட்டும்.