தத்துவப் புத்தகம் எதைப் படிப்பது?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த வாசகசாலைக்கு வருகின்ற வாலிபர்களில் சிலர் நம்மிடம் வந்து, "தத்துவ நூல்கள் படிக்க ஆசையாயிருக்கிறது, ஆனால் எதை முதலில் எடுப்பதென்று தெரியவில்லை. பெரிய புத்தகமாய் ஒன்றை எடுத்தோம், பத்துப் பக்கம் தாண்டவில்லை, நமக்கு மூளை போதாதென்று வைத்துவிட்டோம்" என்று சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் நம்மை இன்று இந்த விஷயத்தைப் பற்றிப் பேசச் செய்தது.

"நமக்கு மூளை போதாது" என்கின்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? "இது உனக்குப் புரியாது, புரியவேண்டிய அவசியமுமில்லை, சொன்னதைக் கேள்" என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வைத்ததிலிருந்து வந்ததேயொழிய, புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ஜெர்மானிய அறிஞர் கான்ட் 1781-ல் சுத்த அறிவைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். படித்த பண்டிதர்களே அதைச் சரியாய்ப் புரிந்துகொள்ளவில்லை. ஆகவே 1783-ல் அவரே அதன் கருத்துக்களைச் சுருக்கி வேறொரு சிறு நூல் எழுத வேண்டியதாயிற்று. பண்டிதர்கள் கதியே இப்படியென்றால், பகலெல்லாம் உழைத்துவிட்டு இராத்திரி விளக்கடியில் உட்காருகிறவர் பத்தாம் பக்கத்தில் தடுமாறினால் அதில் என்ன வெட்கம்? தப்பு மூளையில் இல்லை. புத்தகத்தைத் தெரிந்தெடுத்ததில் இருக்கின்றது.

அப்படியானால் எப்படித் தெரிந்தெடுப்பது? நம்முடைய அபிப்பிராயத்தில் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, புத்தகம் சிறிதாயிருக்க வேண்டும். இரண்டு, சொல்லுவதற்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டும். மூன்று, எதிரி பேசுவதற்கும் அதில் இடமிருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் முக்கியமானது. எதிரியின் வாயைக் கட்டிவிட்டுத் தான் மாத்திரம் பேசுகின்ற புத்தகம் எவ்வளவு பெரிதானாலும் அது உபதேசமாகுமே தவிர தத்துவமாகாது.

முதலில், கிரேக்க நாட்டு சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் வாதாடியதாக அவர் சீடர் பிளேட்டோ எழுதியதைப் படியுங்கள். ஒரே இராத்திரியில் முடித்துவிடலாம். கி.மு. 399-ல், எழுபது வயதுக் கிழவர், சாவு எதிரே நிற்கும்போது, "தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்ளுகிறவர்களைக் கேள்வி கேட்டேன், அதுவே என் குற்றம்" என்கிற கருத்தில் பேசுகிறார். ஆனால் எழுதினவர் சீடர் என்பதை மறந்துவிடாதீர்கள். குருவைப் பற்றிச் சீடன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

அடுத்தபடியாக பிரான்சு தேசத்து டேக்கார்ட். அவர் பண்டிதர்கள் பாஷையாகிய லத்தீனை விட்டு, 1637-ல் தம் தேசத்து ஜனங்கள் பேசுகிற பிரெஞ்சிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். பிறகு 1641-ல் லத்தீனில் வேறொரு நூல் எழுதியபோது, அதை அச்சாகுமுன்பே பல அறிஞர்களுக்கு அனுப்பி, அவர்கள் சொன்ன ஆட்சேபணைகளையும் தம் பதில்களையும் சேர்த்தே அச்சிட்டார். எல்லாவற்றையும் சந்தேகிக்கப் புறப்பட்ட அவர் கடைசியில் கடவுளை ருசுப்படுத்தியதாகச் சொன்னார். ஆர்னோ என்ற மத நூல் வல்லவரே அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். அதாவது, தெளிவாய்த் தோன்றுவது உண்மை என்பதற்குக் கடவுள் ஜாமீன். கடவுள் உண்டு என்பதற்கோ தெளிவாய்த் தோன்றுவது ஜாமீன். இவனுக்கு அவன் ஜாமீன், அவனுக்கு இவன் ஜாமீன் என்றால் எந்த லேவாதேவிக்காரன் கடன் கொடுப்பான்? டேக்கார்ட் அதற்கும் ஒரு பதில் எழுதியிருக்கிறார். அது போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மூன்றாவதாக, ஸ்காத்லாந்து ஹியூம் எழுதிய, மதத்தைப் பற்றிய சம்பாஷணை நூல். 1776-ல் அவர் இறந்த பிறகு 1779-ல்தான் அது வெளிவந்தது. வீட்டைப் பார்த்தால் கட்டினவன் ஒருவன் இருப்பது தெரிவதுபோல, உலகத்தைப் பார்த்தால் கடவுள் இருப்பது தெரியவில்லையா என்கிற பழைய வாதத்தை அதில் மூன்று பேர் கூடி அலசுகிறார்கள். நாலாவது ஆளாக நீங்களும் போய் உட்காரலாம். இது முடிந்தால், ரஸ்ஸல் 1912-ல் பொதுஜனங்களுக்கென்று எழுதிய தத்துவப் பிரச்சினைகள் என்னும் சிறு நூல். கண்ணெதிரே இருக்கும் மேஜையின் நிறம் உண்மையில் எது என்கிற சாதாரணக் கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது.

நம் தேசத்தில் இப்படிப்பட்டவை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மணிமேகலையின் 27-வது காதையில் பல சமயவாதிகளும், கண்ணால் காண்பதையே நம்பும் பூதவாதியும் தங்கள் கொள்கையைச் சொல்லுகிறார்கள். 14-வது நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வ தரிசன சங்கிரகம் சார்வாகர் கொள்கையிலிருந்தே ஆரம்பிக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மணிமேகலை பௌத்த காவியம், மாதவர் வேதாந்தி. சார்வாகரின் மூல நூலோ இன்று நமக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் சொன்னதைப் பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள் வாயாலேயே கேட்கிறோம். பிரதிவாதியின் வாக்குமூலத்தை வாதியே எழுதிக் கொடுத்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆதலால் ஜாக்கிரதையாய்ப் படிக்க வேண்டும்.

படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். இவர் என்ன சொல்லுகிறார், ஏன் சொல்லுகிறார், நம் ஆட்சேபணை என்ன என்று மூன்று வரி குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேராய்க் கூடிப் படியுங்கள். எழுத்துத் தெரியாத தோழருக்கு ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போங்கள். பிறகு திரும்பி வரலாம்.

கடைசியாக ஒன்று. புராணத்தை மூட்டை கட்டிவிட்டு, "ரஸ்ஸல் சொன்னார், ஆகவே சரி" என்று ஆரம்பித்தால், மாறியது புத்தகமே தவிர புத்தி அல்ல. நாம் இன்று சொன்ன ஜாபிதாவும் அப்படித்தான். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். எடுத்துப் படியுங்கள், யோசியுங்கள், சரியில்லையென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். அதைக் கேட்கவே நாம் ஆசைப்படுகிறோம்.