வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல



தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 புயலில் சிதைந்த அந்தத் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போனால் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்களில் நெருக்கமாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்கள் அவை. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த இடம்.

பாலிப் என்று அந்த உயிருக்குப் பெயர். கடலில் மேல் பட்டால் அரிக்குமே சொறிமீன், அதற்குத் தூரத்து உறவு. மெத்தென்ற உடம்பு, ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றிச் சிறு கைகள். தனக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தால் அது பவளப்பாறை. மீனவர்கள் வாயில் அது ‘பார்’.

பாலிப்பின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று வாழ்கிறது. வெயிலை வைத்து அது சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போய்ச் சேரும். பவளத்தின் கழிவு பாசிக்கு உரம். பாறைக்குப் பழுப்பும் பச்சையுமாக நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பாசிதான்.

கடல் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த ஏற்பாடு குலைகிறது. கோடையில் வழக்கமாக இருக்கும் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும். பாசியின் சமையல் கெட்டு, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் வெளிப்படும். பவளம் வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது கண்ணாடி மாதிரியான சதை. அதற்குள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் பவளப்பாறை வெளிறுதல் என்கிறோம்.

வெளுத்த பவளம் செத்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால், பால்வெள்ளைப் பாறையின் மேல் அந்தச் சிறு கைகள் இன்னும் அசைவதைக் காணலாம். அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பவும் குடியேறும், பவளம் பிழைக்கும். குளிரவில்லை என்றால் சதை அழுகிப்போகும். வெறும் பாறையின் மேல் வேறொரு பாசி, அழுக்குப் பச்சையாக, மயிர் மயிராகப் படரும். அது படர்ந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நம் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றி 117 வகைப் பவளங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அங்கே வெளிறல் தொடங்கும். 1998, 2010, 2016 மூன்றும் கொடுமையான ஆண்டுகள். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலுக்குள் இறங்கி எடுத்த கணக்குப்படி, 2016-இல் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சுருங்கியது.

எல்லா வகைக்கும் ஒரே அடி விழவில்லை. மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்கள்தாம் முதலில் மாண்டன. உருண்டைப் பாறையாக வளரும் வகைகளுக்குச் சதை தடிமன், சேமிப்பும் அதிகம், தாக்குப்பிடித்தன. பிழைத்தது பிழைத்தது என்று ஆறுதல் கொள்ளலாமா? மீன்குஞ்சு ஒளிந்து வளர்வது கிளைகளுக்கு நடுவில்தான். கிளை போனால் மீனும் குறையும்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது. பவளம் சூட்டை மட்டும் எதிர்த்து நிற்கவில்லை. சேறு வந்து படிந்தால் வழவழப்பான நீரைச் சுரந்து அதைக் கழுவித் தள்ளும். அதற்குத் தெம்பு வேண்டும். வெளிறிக் கிடக்கும் நேரத்தில் சேற்றையும் சாக்கடையையும் அதன்மேல் விடுவது, காய்ச்சலில் கிடப்பவரை எழுப்பி வீட்டைக் கூட்டச் சொல்வது மாதிரி. 2019 செப்டம்பரில் வெப்பமே இல்லாமல் ஓர் அழிவு நடந்தது. மண்டபம் பகுதியில் நுண்ணுயிர்கள் பெருகிக் கடல் பச்சையானது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, சிங்கிள் தீவுப் பவளங்களும் மடிந்தன. அதற்கு முன்பு பல்லாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டியெடுத்தோம். அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இன்று நீருக்கடியில் இருப்பதற்கு அந்த வெட்டு முக்கியக் காரணம்.

உடைந்த பவளத் துண்டுகளைக் காங்கிரீட் சட்டங்களில் கட்டி வளர்க்கும் வேலை தூத்துக்குடிக் கடலில் நடக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் உலக வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தாலே பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரி என்றால் அநேகமாக எதுவும் மிஞ்சாது என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. நட்டு மட்டும் ஈடுகட்ட முடியாது. கரியமில வாயுவைக் குறைப்பது அரசுகளின் பெரிய வேலை. சேறு, சாக்கடை, கிழிந்த வலை ஆகியவற்றைத் தடுப்பது நம் கரையோரத்து வேலை. இரண்டாவதைச் செய்ய முதலாவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

படகு வைத்திருக்கும் நேயர்களே, பாரின் மேல் நங்கூரம் போடாதீர்கள். கிழிந்த வலையைக் கடலில் விட்டுவராமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். சுற்றுலா போகிறவர்களே, பவளப்பாறைத் துண்டை யாராவது விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.