வரவேற்புச் சலுகையும் வாசிக்கப்படாத நிபந்தனைகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நமது மஹல்லாவின் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளம் பெறுகின்றனர். சம்பளக் கணக்குத் தொடங்கிய சில நாட்களிலேயே வங்கியிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் மேசை போட்டு அமர்ந்திருக்கும் முகவர்கள் பிள்ளைகளை அழைத்து, “இந்தக் கிரெடிட் கார்டை வாங்கினால் இத்தனை ஆயிரம் புள்ளிகள், இன்ன கடையின் பரிசுக் கூப்பன், இலவச விமானப் பயணம்” என்கின்றனர். பரிசுக்காகவே அட்டை வாங்குவோர் பலர். அவர்களுள் பரிசு கிடைக்காமல் அட்டை மட்டும் கையில் நிற்பவர்களும் உள்ளனர். ஆகவே, அந்த வரவேற்புச் சலுகைக்குத் தகுதி பெறுவது எவ்வாறு என்பதையும், அதை நாடிச் செல்வது யாருக்குத் தகும், யாருக்குத் தகாது என்பதையும் இன்று விரிவாகக் காண்போம்.

முதலில் மார்க்கம் சார்ந்த கேள்வி. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடிய தனது 12-ஆவது அமர்வில் இதனை ஆராய்ந்தது. தாமதமானால் வட்டி என்னும் நிபந்தனையுடன் வழங்கப்படும் கடன் அட்டையை, தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்துதல் கூடாது என்று அது தீர்மானித்தது. முழுத் தொகையையும் உரிய நாளில் செலுத்துபவருக்குத் தேவை கருதி அனுமதி உண்டு என்று கூறும் தற்கால அறிஞர்களும் உள்ளனர். இதில் முடிவு கூறும் உரிமை உலமாக்களுக்கே உரியது. ஒவ்வொருவரும் நமது இமாம் அவர்களை அணுகிக் கேட்டுத் தெளிவு பெறுதல் வேண்டும். ஏற்கனவே அட்டை வைத்திருப்பவரும், வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவரும் அறியாமையால் வட்டியில் வீழ்ந்துவிடாதிருக்க வேண்டும் என்பதே நமது இன்றைய நோக்கம்.

சலுகை எங்கிருந்து வருகிறது?

நாம் ஒரு கடையில் அட்டையைப் பயன்படுத்தும்போது கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாக விட்டுக்கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குச் சேர்கிறது. அட்டைதாரர் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் இரண்டாவது வருவாய். முழுத் தொகையைச் செலுத்தாதவர்களிடம் பெறப்படும் வட்டியும் அபராதமும் மூன்றாவது வருவாய். இம்மூன்றிலிருந்தே வரவேற்புப் பரிசு வழங்கப்படுகிறது. அது வங்கியின் தர்மம் அன்று. புதிய வாடிக்கையாளரைப் பெறுவதற்கான விளம்பரச் செலவு. ஆதலால், வங்கி அதனை நிபந்தனைகளுக்கு உட்படுத்தியே கொடுக்கும்.

தகுதிக்கான நிபந்தனைகள்

முதலாவது, விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். வயது, வருமானச் சான்று, பான் எண், முகவரிச் சான்று ஆகியவற்றோடு கடன் வரலாறும் பார்க்கப்படுகிறது. இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இவ்வரலாற்றைப் பதிவு செய்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். 750-க்கு மேல் இருப்பது நல்லது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விண்ணப்பிக்கும் முன் அதனைப் பெற்றுப் பார்த்துக்கொள்க. கடன் வரலாறே இல்லாத இளைஞருக்கு நிலையான வைப்புத் தொகையின் பேரில் அட்டை தரும் வங்கிகள் உள்ளன.

பரிசுக்காக ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பிப்பது தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல விசாரணைகள் இருந்தால், இவர் கடனுக்கு அலைகிறார் என்றே வங்கி எண்ணும். பின்னர் வேறு தேவைக்காக வங்கியை அணுகும்போதும் அப்பதிவு எதிரில் நிற்கும்.

இரண்டாவது, ‘புதிய வாடிக்கையாளர்’ என்னும் நிபந்தனை. அதே வங்கியின் அட்டையை ஏற்கனவே வைத்திருப்பவருக்கும், அண்மையில் ரத்து செய்தவருக்கும் பல சலுகைகள் பொருந்தா. குடும்ப உறுப்பினருக்கான கூடுதல் அட்டைக்கும் பொதுவாகத் தனிப் பரிசு இல்லை. இவ்வணிகம் மிகப் பெரிதாக வளர்ந்துள்ள அமெரிக்காவில் இவ்விதிகள் இன்னும் கடுமையானவை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ஒரு வகை அட்டைக்கான வரவேற்புச் சலுகையைப் பொதுவாக ஒருவருக்கு ஒரு முறையே வழங்கும் கொள்கையை நெடுங்காலம் கடைப்பிடித்து வந்துள்ளது. முந்தைய 24 மாதங்களில் எந்த வங்கியிலாயினும் ஐந்து அட்டைகள் பெற்றவருக்குச் சேஸ் வங்கி புதிய அட்டையை மறுத்துவந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. அங்கே வாழும் நம் பிள்ளைகளும் இதனை அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது, சேர்க்கைக் கட்டணம். கட்டணம் செலுத்திய பின்னரே புள்ளிகள் வரவு வைக்கப்படும் என்பது பல அட்டைகளின் நிபந்தனை. “உங்களுக்கு மட்டும் வாழ்நாள் இலவசம்” என்று முகவர் கூறும்போது, அந்த இலவச வகைக்கு வரவேற்புப் பரிசு உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கட்டணம் தள்ளுபடியான அட்டைக்குப் பரிசும் தள்ளுபடியாவது உண்டு. கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியே சேரும் என்பதையும் மறவாதீர்.

நான்காவது, குறித்த நாட்களுக்குள் குறித்த தொகையைச் செலவிடுதல். பலர் தவறுவது இங்கேதான். ‘90 நாட்களுக்குள் 30,000 ரூபாய்’ என்றால், நாட்களின் கணக்கு பெரும்பாலும் அட்டை வழங்கப்பட்ட தேதியிலிருந்து தொடங்கும். அட்டை நம் கைக்கு வந்த தேதியிலிருந்து அன்று. ஜூன் 1 அன்று வழங்கப்பட்ட அட்டை 12-ஆம் தேதி தபாலில் வந்து, நாம் 20-ஆம் தேதி பயன்படுத்தத் தொடங்கினாலும் கெடு ஆகஸ்ட் 29 அன்றே முடிந்துவிடும். கடைசி நாளில் செய்த செலவு கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம். ஆதலால், ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுதல் பாதுகாப்பு.

ஐந்தாவது, எந்தச் செலவு கணக்கில் சேரும் என்பது. ரொக்கம் எடுத்தல், எரிபொருள், வாடகை, வாலட் நிரப்புதல், மாதத் தவணையாக மாற்றிய கொள்முதல் முதலியவற்றைப் பல வங்கிகள் விலக்கிவைக்கின்றன. காப்பீடு, அரசு வரி, கல்விக் கட்டணம், நகை ஆகியவற்றை விலக்கும் அட்டைகளும் உள்ளன. ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வணிகக் குறியீடு உண்டு. பெட்ரோல் நிலையத்துக்கு 5541, நகைக்கடைக்கு 5944 என்பன போல. வங்கியின் கணினி அந்தக் குறியீட்டை மட்டுமே காணும். நாம் என்ன பொருள் வாங்கினோம் என்பதைக் காணாது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகையும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். 30,200 ரூபாய் செலவிட்டவர் 500 ரூபாய்ச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் எல்லைக்குக் கீழே வந்துவிடுவார்.

ஆறாவது, பரிசு வரவாகும் நாள்வரை தவணை தவறாதிருத்தல். தொகையைத் தாமதமாகச் செலுத்தியவருக்குப் பரிசை மறுக்கும் உரிமையை வங்கிகள் நிபந்தனைகளில் வைத்திருப்பது வழக்கம்.

ஏழாவது, சான்று. சலுகைகள் மாதந்தோறும் மாறுகின்றன. விண்ணப்பித்த அன்று அறிவிக்கப்பட்ட நிபந்தனைப் பக்கத்தை அச்செடுத்தோ படமெடுத்தோ வைத்துக்கொள்க. முகவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. முக்கிய விவரங்களைச் சுருக்கமாகத் தெரிவிக்கும் ஒரு பக்க அறிக்கையை விண்ணப்பத்துடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. அதனைக் கேட்டுப் பெறுங்கள்.

லாபமா, நட்டமா?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. சேர்க்கைக் கட்டணம் 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யுடன் 1,180. பரிசு 4,000 புள்ளிகள் என்க. ஒரு புள்ளிக்கு 50 பைசா மதிப்பு கிடைத்தால் 2,000 ரூபாய். நிகர நன்மை 820. அதே புள்ளிக்கு 25 பைசாதான் என்றால் மதிப்பு 1,000. 180 ரூபாய் நட்டம். ஆகவே, எத்தனை புள்ளிகள் என்று கேட்பதைவிட, ஒரு புள்ளி எதற்கு, எவ்வளவுக்கு மாற்றப்படும் என்று கேட்பதே அறிவுடைமை.

இனி மறுபக்கம். எல்லையைத் தொடுவதற்காகத் தேவையற்ற பொருள் வாங்கி, 30,000 ரூபாயில் குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம், அதாவது 1,500 மட்டும் ஒருவர் செலுத்துகிறார். மீதி 28,500. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஏறத்தாழ 1,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,177. ஒரே மாதத்தில் 820 ரூபாய் நன்மை கரைந்து, மேலும் கையிலிருந்து போகிறது. அத்துடன், முழுத் தொகையைச் செலுத்தாதவருக்கு வட்டியில்லாக் காலமும் இல்லாமற்போகும்; புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி தொடங்கும். குறைந்தபட்சத் தொகை என்பது சலுகை அன்று. கடனை நீட்டிக்கும் வழி.

ஆண்டுக்கு 42 சதவீதம் என்னும் இவ்வட்டிக்குச் சட்டத்தில் வரம்பு இல்லையா என்று நீங்கள் வினவலாம். 30 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி நேர்மையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. எனவே, நம்மை நாமே காத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

யாருக்குத் தகும்? யாருக்குத் தகாது?

எப்படியும் செய்ய வேண்டிய செலவு முன்னதாகவே இருந்து, அதற்கான பணமும் வங்கிக் கணக்கில் இருந்து, முழுத் தொகையும் உரிய நாளில் தானாகச் செல்லுமாறு ஏற்பாடு செய்யக்கூடியவருக்கே இச்சலுகை பயன்தரும். நிலையான வருமானமில்லாதவர், ஏற்கனவே கடனில் உள்ளவர், கல்யாணச் செலவையும் பெருநாள் துணியையும் அட்டையை நம்பித் திட்டமிடுபவர் விலகி நிற்பதே நலம்.

எல்லையைத் தொடுவதற்காக உறவினருக்கு அட்டையைக் கொடுத்து வாங்கச் செய்வதும் நம்மிடையே உண்டு. மச்சான் பணம் தரத் தாமதித்தாலும் வங்கி உங்களையே கேட்கும். கெடுவது உங்கள் மதிப்பெண்ணும் உறவும். கடையில் அட்டையைத் தேய்த்துக் கமிஷன் கொடுத்து ரொக்கம் பெறுவது வங்கியின் நிபந்தனையை மீறும் செயல். பொய்க் கணக்கும் ஆகும். அதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

“உங்கள் வரவேற்புப் புள்ளிகள் இன்றுடன் காலாவதியாகின்றன, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று அழைப்பவர் திருடரே. தாய்மார்கள் இதனைக் குறிப்பாக நினைவில் கொள்க. பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கவும்.

நாம் கேளாமலே அட்டை வழங்கிக் கட்டணம் வசூலித்தால், அதனைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும் என்பது 2022 நெறிமுறை. பாக்கி ஏதுமில்லாத அட்டையை முடிக்கக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு உரியது. எனவே, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வரும் முன்னரே அட்டை வேண்டுமா என்று முடிவு செய்து, வேண்டாமெனில் புள்ளிகளைப் பயன்படுத்திவிட்டு எழுத்து மூலம் முடித்துவிடுங்கள். வாக்களித்த பரிசு வராவிடில் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தக்க பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் பெற 14448.

நிறைவாக, நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அட்டையின் வட்டியில் சிக்கியவர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அத்தகையோர் இரகசியமாக அணுகி, அழகிய கடன் பெற்று அட்டையைத் தீர்த்து, பின்னர் சிறு தவணைகளில் திருப்பிச் செலுத்துவதற்குப் பைத்துல்மாலில் ஒரு தனிப் பகுதியை ஒதுக்குவது குறித்து அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டுகிறோம். விண்ணப்பப் படிவத்தையும் நிபந்தனைகளையும் வாசித்து விளக்க, வங்கிப் பணியில் அனுபவமுள்ள நம் சகோதரர்கள் மாதம் ஒரு நாள் ஜமாஅத் அலுவலகத்தில் அமர முன்வந்தால் பேருதவியாக இருக்கும். இளைஞர்கள் கையெழுத்திடும் முன் ஒரு முறை அங்கே வந்து கேட்டுச் செல்லலாம்.