தன்னுரிமை இசையும் தன்பொறுப்பும்



படித்த படிப்பும் பார்க்கும் தொழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பட்டம் பெறும் ஒவ்வொருவர் தோளிலும் அன்றே ஏற்றி வைக்கப்படுகிறது. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய, தில்லியின் 'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்துப் பாடிவரும் ராகுல் ராமின் வாழ்க்கை தக்க சான்றாகும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பயின்ற அவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில், அதாவது வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் உயிர்களிலும் விளைவிக்கும் தீங்குகளை ஆராயும் துறையில், முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியபின் ஆய்வகத்தில் அமராமல், அணையால் வீடும் நிலமும் இழக்கவிருந்த மக்களுக்காகப் போராடிய நர்மதா பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றிய அவர், 1991இல் இந்தியன் ஓஷன் குழுவில் சேர்ந்தார்.

சுஷ்மித் சென்னும் அஷீம் சக்கரவர்த்தியும் 1990இல் தொடங்கிய அக்குழு 'இண்டி ராக்' என்னும் வகையைச் சார்ந்தது. பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களின் முதலீட்டையும் ஆணையையும் எதிர்பாராமல் கலைஞர்கள் தாமே இசையை உருவாக்கி வெளியிடும் முறைக்கு இண்டி, அதாவது தன்னுரிமை இசை, என்று பெயர். 1977இல் இங்கிலாந்தின் 'பஸ்காக்ஸ்' குழு தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது இம்முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. திரைப்பாட்டே வெகுமக்கள் இசையாக விளங்கும் இந்தியாவில், திரைக்கு வெளியே நின்று கேட்பாரைத் தேடிக்கொள்வது இன்னும் கடினமான வழியாகும்.

பேஸ் கித்தார் என்பது பெரும்பாலும் நான்கு தடித்த கம்பிகளைக் கொண்டு, சாதாரணக் கித்தாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவியாகும். வீட்டுக்குக் கடைக்கால் போல அது பாட்டைத் தாங்குகிறது. ஒலிக்கும்போது அதைக் கவனிப்போர் சிலரே எனினும், நின்றுபோனால் பாட்டு வலுவிழந்ததை எல்லோரும் உணர்வர். விரல்கள் தாளத்தோடு இணைந்து ஒரு வழியிலும் குரல் மெட்டைப் பற்றி வேறொரு வழியிலும் செல்ல வேண்டியிருப்பதால், அதை வாசித்துக்கொண்டே பாடுவது நீண்ட பயிற்சியாலன்றிக் கைவராது.

ராகுல் ராமின் படிப்பு வீணாயிற்று என்று கூறுவோர், 2000இல் வெளிவந்த 'கண்டிசா' தொகுப்பைக் கேட்டுப் பார்க்கலாம். அதிலுள்ள 'மா ரேவா' நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் தம் ஆற்றை அதன் மற்றொரு பெயரால் அழைத்துப் பாடும் பாட்டாகும்; தலைப்புப் பாடலோ கேரளத்தின் சிரியன் கிறித்தவர்கள் போற்றிவரும் அரமேய மொழித் துதிப்பாடலிலிருந்து பிறந்தது. நச்சியல் அறிவு அவரை ஆற்றங்கரை மக்களிடம் கொண்டு சேர்த்தது என்றும், அம்மக்களோடு வாழ்ந்த காலமே 'மா ரேவா' பாட்டை அவருக்குத் தந்தது என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

2009 டிசம்பரில் அஷீம் சக்கரவர்த்தி மறைந்தபோது குழு கலைந்துவிடவில்லை. அவர் குரலும் தபலாவும் பதிவாகியிருந்த '16/330 கஜூர் ரோடு' தொகுப்பை, தாம் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரியையே பெயராக வைத்து, 2010 முதல் மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பாட்டை இலவசமாகக் கொடுத்து மேடைக் கச்சேரியில் வருவாய் தேடும் அம்முடிவில் துணிவோடு கணக்கும் இருந்தது. 2013இல் சுஷ்மித் சென் விலகிய பின்னரும், 2015இல் வெளியான 'மசான்' திரைப்படத்துக்கு இசையமைக்கும் ஆற்றலோடு குழு நிலைத்திருந்தது.

இதே வழியில், தமிழ்நாட்டில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியாலும் இசையமைப்பாளர் தென்மாவின் வழிநடத்தலாலும் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. தன்னுரிமை இசை பெருநகர மேல்தட்டினரின் பொழுதுபோக்கு மட்டுமே என்ற எண்ணத்தை அது மாற்றியது.

பாடிப் பிழைப்பது இழிவு என்று எண்ணுவோர்க்கு, களமருதூரும் கல்வராயன் மலையும் அடங்கிய இம்மாவட்டமே மறுமொழி வைத்திருக்கிறது. திருநாவலூரில் பிறந்த சுந்தரர், முதுகுன்றத்தில் பாடிப் பொன் பெற்றதைப் பெரியபுராணம் மறைக்காமல் சொல்கிறது. இன்றைய கலைஞர்க்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய உரிமத்தொகைப் பங்கைப் படத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காக்கிறது.

ஆனால் அப்பாதுகாப்பு ஆசிரியர் இன்னார் என்று அறியப்பட்ட பாட்டுக்கே உரியது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகப் பாடிவருவனவும், நடவு வயலில் பெண்கள் பாடுவனவும் இன்னார் இயற்றியவை என்று காட்ட இயலாதவை. ஆகவே அவற்றை எடுத்தாள்வோரின் நேர்மையைத் தவிர அவற்றுக்கு வேறு காவல் இல்லை. எவர் ஆணைக்கும் கட்டுப்படாத கலைஞர் தமக்குப் பாட்டைத் தந்தவர்க்குக் கடமைப்பட்டவர் என்பதை உணராவிட்டால், தன்னுரிமை என்பது தன்னலத்துக்கு மறுபெயராகிவிடும்.

களமருதூரிலிருந்தும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் மலையிலிருந்தும் வந்து பட்டம் பெறும் இளைஞர்களே! எத்தொழிலை ஏற்றாலும் கற்ற கல்வியை மக்களிடம் எடுத்துச் செல்லுங்கள். ஊர்ப் பாட்டைப் பதிவு செய்தால் பாடியவரின் இசைவைப் பெறுங்கள், பெயரைப் பொறியுங்கள், வருவாய் வந்தால் பங்கு கொடுங்கள். பெற்ற பட்டத்துக்கு அதுவே பெருமை.