மேஸ்திரியின் மொழி



பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்களாம்; யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம். நன்னூல் உரைகள் காட்டும் குழூஉக்குறிகள் இவை. நம் கீரப்பாளையத்துக் கொத்தனார்களுக்கும் தனி மொழி உண்டு: கரணை, ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு. புதிதாக வந்த சித்தாள் விழிப்பார். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தால் தொழில் கைக்கு வரும். சிரித்துவிட்டுப் போனால் அவர் கடைசிவரை கல்தான் சுமப்பார்.

ஆண்டவர் இந்த மொழியை அறிந்தவர். தூக்குநூல் குண்டைக் காட்டித்தான் தம் மக்களின் கோணலை ஆமோசுக்கு உணர்த்தினார் (ஆமோ 7:7-8). தச்சராக உழைத்த இயேசுவும் வலையையும் விதையையும் கொண்டே இறையாட்சியைப் பேசினார்.

நாமோ 'மீட்புத் திட்டம்', 'ஒப்புரவு', 'அருளடையாளம்' என்று பீடத்திலிருந்து அடுக்குகிறோம். கடைசி வரிசையில் நிற்பவருக்கு அதுவும் ஒரு 'பறி'தான். பொன்னை மறைக்கப் பொற்கொல்லருக்குக் காரணம் இருக்கலாம். நற்செய்தியை மறைக்க நமக்கு என்ன காரணம்?

இந்த வாரம் புரியாத சொல்லைக் கேட்கத் தயங்காதிருப்போம். கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதிருப்போம். ஆமென்.